டேங்குக்கு ஒரு பாக்கெட்

“மருந்து குடிச்சாகளா?”

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஸ்ட்ரெச்சரில் என் மனைவி முனீஸ்வரி கிடந்தாள். பல் கிட்டியிருந்தது, கண் மேலே செருகியிருந்தது, கடைவாயில் நுரை. எங்கள் கம்பம் பக்கத்தில் மருந்து என்றால் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்துதான். திராட்சைக்காரன் வீட்டுப் பெண்ணை இந்தக் கோலத்தில் தூக்கி வந்தால் வேறு எதைக் கேட்பார்கள்? இப்போது நிதானமாகச் சொல்கிறேன். அப்போது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

“என்னம்மா பேசுறீக? நடந்துட்டு வந்தவ. தண்ணியைத் தவிர ஒண்ணும் குடிக்கலை.”

“வீட்ல சண்டை கிண்டை போட்டீகளா? மறைக்காமச் சொல்லுங்க. எந்த மருந்துன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம் பாக்க முடியும்.”

“கரடியாக் கத்துறேன், தண்ணின்னு! காதுல விழுகலையா?”

நர்ஸுக்கு என்னோடு சண்டை போட நேரமில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது. முனீஸ்வரியின் ஒரு ஷூ மட்டும் என் கையில் இருந்தது. அது எப்படி என் கைக்கு வந்தது என்று இன்றுவரை தெரியாது.

முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் அருண்பாண்டி. சுருளிப்பட்டியில் நாலு ஏக்கர் பன்னீர் திராட்சை. முனீஸ்வரி தாவரவியல் படித்தவள். வனக்காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணிவிட்டாள். அடுத்தது நடைத்தேர்வு. பெண்கள் நாலு மணி நேரத்தில் பதினாறு கிலோமீட்டர் நடந்து முடிக்க வேண்டும். வயது வரம்புப்படி அவளுக்கு இது கடைசி வாய்ப்பு. இதை விட்டால் அந்தக் காக்கிச் சட்டை இந்த ஜென்மத்தில் கிடையாது.

எங்கள் தோட்டத்து முக்கிலிருந்து சுருளி அருவி ரோட்டில் நாலு கிலோமீட்டர் போய்த் திரும்புவாள். விடியும் முன்னே அந்த ரோட்டில் பன்றி நிற்கும், அதனால் நான் பைக்கில் பின்னாலேயே மெதுவாகப் போவேன். கம்பத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஜேசுராஜ் அண்ணாச்சியின் மகள் ஜெஸ்லினும் அதே தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டியில் வந்து இவளோடு சேர்ந்துகொள்வாள்.

நடப்பது அவர்கள் வேலை. நடந்து களைத்தவர்களைத் தேற்றுவது என் வேலை என்று எனக்கு நானே பதவி கொடுத்துக்கொண்டேன். கேட்காமல் எடுத்துக்கொண்ட பதவி, அதனால் அதிகாரமும் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். நடந்து முடித்த அரை மணிக்குள் குடிப்பதுதான் மறுநாள் கால் வலிக்காமல் நடக்க வைக்கும் என்று ஒருத்தன் சொன்னான். தாகம் எடுக்கும்வரை காத்திருப்பவன் முட்டாள் என்று இன்னொருத்தன் சொன்னான். அவனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

முதல் வாரம் இளநீர். பிறகு வாழைப்பழம் போட்ட பால். அதைக் குடித்துவிட்டு முனீஸ்வரி பாலத்துச் சுவரில் சாய்ந்து வாந்தி எடுத்தாள். பிறகு பீட்ரூட் சாறு. அடுத்த நாள் பாத்ரூமிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள், ரத்தமாகப் போகிறது என்று. பீட்ரூட் என்றால் அப்படித்தான் போகும் என்று தெரிந்துகொள்ள அதற்கும் ஒரு வீடியோ பார்க்க வேண்டியிருந்தது. திராட்சைச் சாறு கொடுத்திருக்கலாம், வீட்டுப் பழம்தான். ஆனால் மருந்து அடித்துப் பத்து நாள் ஆகவில்லை. அந்தக் கொடியில் பழம் பறித்து என் பெண்டாட்டிக்குக் கொடுக்க நான் என்ன கிறுக்கனா? அந்த அளவுக்கு நான் ஜாக்கிரதையான ஆள்.

ஜெஸ்லின் மட்டும் தினமும் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் உப்பு மோர் கொண்டுவருவாள்.

“ஏத்தா ஜெஸ்லின், பரீட்சைக்குப் போறியா, திருவிழாவுக்குப் போறியா? மோர்ப்பந்தல் போட வேண்டியதுதான பாக்கி?” என்று நான் கேலி செய்வேன். அவள் சிரித்துக்கொள்வாள்.

கடைசியில் ஓ.ஆர்.எஸ். என்று முடிவு செய்தேன். வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பார்களே, அந்த உப்புச் சர்க்கரைப் பொடிதான். வேர்வையில் போவதை அப்படியே திருப்பிக் கொடுக்கும், கடைச் சரக்கு எதுவும் இதற்கு ஈடாகாது என்று ஒரு டாக்டரே பேசியிருந்தார். சின்னமனூர் மெடிக்கலில் ஒரு பெட்டி வாங்கினேன். தோட்டத்துக் கேன் எதையும் தொடக்கூடாது என்று குழாய் வைத்த புதுப் பத்து லிட்டர் கேன் ஒன்று வாங்கினேன். கட்டி தட்டாமல் கரைப்பது எனக்குக் கைவந்த வேலை. இருபது வருஷமாக எதையாவது கரைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு வாரம் எட்டு கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் என்று போனது. ரெண்டு லிட்டர், ரெண்டரை லிட்டர் குடிப்பாள். ஒரு குறையும் இல்லை. தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது முழு நடை வைத்தோம். அன்றைக்கு வெயில் ஏழு மணிக்கே சுள்ளென்று அடித்தது. அதனால் தண்ணீரைக் கூட்டினேன். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பைக்கை நிறுத்துவேன், முதலில் ஜெஸ்லினுக்கு அரை டம்ளர், பிறகு முனீஸ்வரிக்கு முழு டம்ளர் நீட்டுவேன்.

“போதும்ங்க. வயிறு குலுங்குது.”

“தாகம் எடுக்குறதுக்கு முன்னாடியே குடிக்கணும்னு எத்தனை தடவை சொல்றது? குடி.”

குடித்தாள். மூன்று மணி ஐம்பது நிமிஷத்தில் பதினாறு கிலோமீட்டரை முடித்தாள். நான் விசில் அடித்தேன். வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, வீடியோக்காரன் சொன்னபடி அரை மணிக்குள் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வைத்தேன். அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“மண்டை வெடிக்குற மாதிரி இருக்குங்க. வளையல் பாருங்க, கையில ஏற மாட்டேங்குது.”

தலைவலி வந்தால் தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம். இதுவும் போனில் படித்ததுதான். இன்னொரு டம்ளர் கொடுத்தேன். வாந்தி எடுத்தாள், வெறும் தண்ணீராக. போனதை ஈடுகட்ட வேண்டுமே என்று மேலும் ரெண்டு டம்ளர். அப்புறம் இன்னும் ரெண்டு.

ஜெஸ்லின் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி அவளை நிமிர்ந்து பார்த்து, “நீங்க எந்த ஊருங்க?” என்று கேட்டாள்.

ஜெஸ்லின் சிரித்தாள். நானும் சிரித்தேன். “பரீட்சை பயத்துல ஒளறுறா பாரு” என்றேன். சிரித்து முடிக்கவில்லை, அவள் பக்கவாட்டில் சரிந்து வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு என் முகத்தில் இருந்ததை நினைத்தால் இப்போதும் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பழப்பெட்டி ஏற்ற வந்த முத்துப்பாண்டியின் லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கம்பத்துக்கு வந்தோம். வருகிற வழியில் அவள் வாயைத் திறக்க முடியுமா என்று பார்த்தேன். எதற்குத் தெரியுமா? கொஞ்சம் தண்ணீர் கொடுக்க.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். ஷெரின் என்று பெயர், சின்ன வயது. கையில் ரத்தப் பரிசோதனைத் தாள்.

“விஷம் எதுவும் இல்லை” என்றார்.

நான் திரும்பி அந்த நர்ஸைப் பார்த்தேன். மருந்தா என்று கேட்டாயே, பார்த்தாயா என்கிற மாதிரி. பெண்டாட்டி உள்ளே கிடக்கிறாள், அப்போதும் எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது.

“ஆனா ரத்தத்துல உப்பு ரொம்பக் குறைஞ்சு கிடக்கு. நூத்தி முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கணும். இவங்களுக்கு நூத்திப் பதினஞ்சு. என்ன குடிச்சாங்க, எவ்வளவு குடிச்சாங்க?”

இதற்குத்தான் காத்திருந்தேன். “நடக்கையில அஞ்சு லிட்டரு மேடம். முடிச்ச பெறகு மூணு. எல்லாம் அளந்துதான் குடுத்தேன்.”

“எட்டு லிட்டரா?”

“வெறும் தண்ணி இல்ல மேடம். ஓ.ஆர்.எஸ். போட்டது.”

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். “எட்டு லிட்டருக்கு எட்டு பாக்கெட் போட்டிருந்தா இவ்வளவு இறங்காதே. எத்தனை பாக்கெட் போட்டீங்க?”

“டேங்குக்கு ஒரு பாக்கெட் மேடம்.”

“எந்த டேங்க்?”

“பத்து லிட்டரு...”

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை என் காதிலேயே விழுந்தது.

எப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரியும்? எங்கள் தோட்டங்களில் எந்த மருந்துப் பொடியும் முதுகில் மாட்டி அடிக்கிற பத்து லிட்டர் டேங்க் கணக்குத்தான். கடைக்காரன் எடுத்து வைக்கும்போதே “டேங்குக்கு ஒண்ணு” என்பான். ஆள்காரன் “எத்தனை டேங்கு?” என்றுதான் கேட்பான். பாக்கெட்டைக் கண்டால் என் கை பத்து லிட்டரைத் தேடும். யோசனை என்று ஒன்று நடுவில் வராது. இன்னொன்றும் உண்டு. கலக்கியதை நாங்கள் நாக்கில் வைக்க மாட்டோம். வைத்தால் ஆள் காலி. அந்த ஒரு வாரத்தில் ஒரு சொட்டையாவது நான் ருசி பார்த்திருந்தால் பச்சைத் தண்ணீர் என்று தெரிந்திருக்கும். தோன்றவே இல்லை.

சட்டைப் பையில் ஒரு பாக்கெட் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். தமிழிலேயே போட்டிருந்தான். ‘ஒரு லிட்டர் குடிநீரில் கரைக்கவும்.’ பாக்கெட்டின் மூலையைக் கிழிக்கும்போது என் கட்டைவிரல் அந்த வரி மேல்தான் இருந்திருக்கும்.

“வேர்வைல உப்பு போச்சு. மிச்சம் இருந்ததைத் தண்ணி கரைச்சிருச்சு” என்றார் டாக்டர். “இப்ப அந்தத் தண்ணி மூளைக்குள்ள போய் மூளை வீங்கியிருக்கு. அதான் ஃபிட்ஸ்.”

“தண்ணியாலயா மேடம்?”

“தண்ணியாலதான்.”

“பொழச்சுக்குவாள்ல?”

“உப்பு மருந்து ஏத்துறோம். சட்டுனு ஏத்துனாலும் ஆபத்து, லேட் பண்ணாலும் ஆபத்து. சாயங்காலம் வரைக்கும் நான் எதுவும் சொல்ல முடியாது.”

சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். குளத்தில் விழுந்து செத்தவனைப் பார்த்திருக்கிறேன், கிணற்றில் விழுந்து செத்தவளைப் பார்த்திருக்கிறேன். மரத்தடியில், வெயிலில், டம்ளர் டம்ளராக, புருஷன் கையால் ஒருத்தியை மூழ்கடிக்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த நர்ஸ் கேட்டதுதான் சரி. மருந்துதான் குடித்திருக்கிறாள், நான் கலக்கின மருந்து.

அப்போதுதான் ஜெஸ்லின் ஞாபகம் வந்தது. எழுந்து, வராந்தா மூலையில் நின்றிருந்தவளிடம் ஓடினேன். அவளும் அதே கேனில் குடித்தவள்தானே!

“ஏத்தா, ஒனக்குத் தலை வலிக்குதா? வாந்தி வருதா? டாக்டரம்மாகிட்டச் சொல்லு, ஒனக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லு!”

“எனக்கு ஒண்ணும் இல்லண்ணே.”

“இல்லன்னு எப்படிச் சொல்ற? நீயும் குடிச்சேல்ல?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “நான் குடிக்கலண்ணே.”

“என் கையாலதான வாங்குன?”

“வாங்குனேன். நீங்க வண்டியத் திருப்புறப்ப ஓடைல ஊத்திட்டேன். தினமும் அப்படித்தான். சப்புனு இருந்துச்சு. எங்க மோரைத்தான் குடிச்சேன்.”

“சப்புனு இருந்தா எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“அக்காதான் சொல்ல வேணாம்னாக. நீங்க கோவிச்சுக்கிருவீகளாம்.”

“யாரு, நானா? நான் எப்பத்தா கோவப்பட்டேன்?” என்று கத்தினேன். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. இத்தனை வருஷத்தில் அவள் மேல் ஒரு விரல் பட்டதில்லை. கோபம் வந்தால் பேச மாட்டேன், அவ்வளவுதான். அதை நான் என் நல்ல குணம் என்றுதான் நினைத்திருந்தேன். நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

மத்தியானம் ஒருமுறை மறுபடி வெட்டு வந்தது என்றார்கள். உள்ளே ஆட்கள் ஓடினார்கள். என்னை விடவில்லை. சாப்பிடச் சொல்லி முத்துப்பாண்டி ஒரு பொட்டலம் வாங்கி வந்தான், பிரிக்கவில்லை. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். அதை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாயங்காலம் டாக்டர் வந்து நூத்தி இருபது என்றார். பேர் கேட்டதற்குச் சரியாகச் சொன்னாளாம். பெரிய ஆம்பளை, வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் விம்மி விம்மி அழுதேன்.

மறுநாள் மதியம் அவளை வார்டுக்கு மாற்றினார்கள். நாக்கைக் கடித்திருந்ததால் வாய் வீங்கியிருந்தது. கண் தெளிவாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன்.

“முனீசு, எல்லாம் என்னாலதான். அந்தப் பொடிய லிட்டருக்கு ஒண்ணு போடணுமாம். நான் டேங்குக்கு ஒண்ணுன்னு போட்டுட்டேன்.”

“தெரியும்” என்றாள்.

“டாக்டரம்மா சொல்லிட்டாகளா?”

“இல்ல. முழு நடைக்கு மூணு நாள் முன்னாடியே தெரியும். அடுப்படில காலி பாக்கெட் கெடந்துச்சு. எடுத்து வாசிச்சேன்.”

ஸ்டூலை இன்னும் கிட்டத்தில் இழுத்தேன்.

“தெரிஞ்சுமா குடிச்ச? ஏன்டி?”

கடிபட்ட நாக்கோடு அவளால் மெதுவாகத்தான் பேச முடிந்தது.

“போன அறுப்புல யாவாரி முன்னாடி, மருந்தடிச்ச தேதி நீங்க சொல்றது தப்புன்னு சொன்னேன். ஒம்பது நாள் எங்கிட்டப் பேசலை நீங்க.”

ஒன்பது நாளா? ரெண்டு நாள் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

“இந்தப் பாக்கெட்டை நான் வாசிக்கிறப்ப பரீட்சைக்குப் பதினஞ்சு நாள்தான் கெடந்துச்சு. அதுல ஒம்பது நாளைத் தூக்கிக் குடுத்துட்டு எத நான் நடந்து பழக? அந்த இருட்டுல நீங்க பின்னாடி வராம எப்படிப் போறது? யோசிச்சுப் பாத்தேன். தண்ணிதான, தண்ணி என்ன செஞ்சிரும்னு குடிச்சிட்டேன்.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். ஊசி குத்திய கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“கோவமா இருக்கீகளா?” என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன், அப்போதும் காற்றுதான். ஒரே ஒரு சொல்தான், அது வராவிட்டால் தலையையாவது ஆட்டியிருக்கலாம். கழுத்துகூட அசையவில்லை. அவள் பக்கத்தில் நான் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு, என் பேசாமைக்குப் பழகிப்போனவள்தானே, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.